வானத்தில் கோடு விழுந்த படமா? அவசரப்பட வேண்டாம்

மாரி தொடங்கியிருந்த நேரம். இரணைமடுக் குளக்கட்டில் அக்காவின் மகன் எடுத்த படத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அன்றிரவே அது நாலைந்து வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. "மேலே ஏதோ வந்திருக்கு" என்று பேச்சு. வன்னியில் வானத்தில் ஒரு கோடு என்றால் வயதானவர்களுக்கு இன்றும் நெஞ்சு திக்கென்கிறது. அதனால்தான் இதை விளையாட்டாக விட மனம் வரவில்லை.

பலரும் விடுகிற முதல் தவறு, கோடு வானத்தில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டுவது. படத்தைப் பார்த்துத் தூரம் சொல்ல முடியாது. லென்ஸுக்கு ஒரு முழம் தள்ளிப் பறந்த ஈசலும் கோடாகத்தான் விழும், கமரா நீண்ட நேரம் திறந்திருந்தால் 400 கிலோமீற்றர் உயரத்தில் போகும் விண்வெளி நிலையமும் கோடாகத்தான் விழும். 2004 டிசம்பரில் நாசா தன் அன்றாட வானியல் படமாக வெளியிட்ட ஒன்று ஒஸ்ரேலியாவின் டார்வினில் எடுத்தது. அதிலிருந்த கோட்டை விண்கல் என்றார்கள், மின்னல் என்றார்கள். கடைசியில் கமராவுக்குக் கிட்டப் பறந்த பூச்சி என்ற விளக்கமே வலுவாக நின்றது.

அடுத்தது, கமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று பார்க்காமல் விடுவது. என்னைக் கேட்டால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. எங்கள் படத்தில் அது செக்கனில் பத்தில் ஒரு பங்கு. கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாலு நெளிவு. அப்படியென்றால் செக்கனுக்கு 40 நெளிவு. அது செட்டை அடிக்கும் வேகம். விமானமோ விண்கல்லோ அப்படி நெளியாது. விண்வெளி நிலையம் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடினாலும் வானத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது வெறும் புள்ளிதான்.

கமரா திறந்திருந்த நேரம் என்ற இந்த விவரத்தை வட்ஸ்அப்பில் வந்த படத்தில் தேடாதீர்கள், அனுப்பும்போதே அது அழிந்துவிடும். எடுத்தவரின் போனில் உள்ள மூலப்படம் வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் "இதில் ஒன்றுமில்லையே" என்று அழித்துவிடக் கூடாது.

படத்தில் உள்ள எல்லா விளக்குகளும் ஒரே மாதிரி நெளிந்திருந்தால் கை ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். விளக்கை ஊடறுத்து நேர்கோடு ஓடினால் லென்ஸில் விரல் எண்ணெய். துடைத்துவிட்டு இன்னொன்று எடுங்கள்.

நல்லவேளை, அக்காவின் மகன் அடுத்த படத்தை அழிக்கவில்லை. அதே இடம், சில செக்கன் கழித்து, வானம் வெறுமை. ஒரு மூலையில் மட்டும் பிளாஷ் ஒளி பட்ட செட்டை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. முதல் படம் போன எல்லாக் குழுக்களுக்கும் அதையும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான்.