மசகு எண்ணெயைத் திருத்தும் நுண்ணங்கிகள்: மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த திருகோணமலை மாணவர்கள், நுண்ணங்கிகளால் மசகு (கச்சா) எண்ணெயின் தரத்தை உயர்த்துவது பற்றி ஆய்வு செய்ய முன்வருவது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் பலர் தொடக்கத்திலேயே தடம் மாறுகிறார்கள். கடலில் சிந்திய எண்ணெயைத் தின்னும் பற்றீரியாவையே இதற்கும் தெரிவு செய்துவிடுகிறார்கள்.

தின்பது வேறு, திருத்துவது வேறு. எண்ணெய் தின்னும் பற்றீரியா முதலில் இலேசான நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்களையே தீர்க்கும். மிஞ்சுவது தடித்த, கனமான எண்ணெய். கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணல் அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு, நெடுங்காலம் நுண்ணங்கிகள் அதைத் தின்றதே முக்கிய காரணம்.

நமக்கு வேண்டியது, எண்ணெயின் தரத்தைக் குறைக்கும் கந்தகத்தை மட்டும் பிடுங்கும் பற்றீரியா. ரோடோகொக்கஸ் எரித்ரோபோலிஸ் இனத்தின் ஐஜிடிஎஸ்8 வகை, எண்ணெயிலுள்ள கந்தகச் சேர்வையான டைபென்சோதயோபீனில் காபன்–கந்தகப் பிணைப்புகளை மட்டும் வெட்டுகிறது. கந்தகம் சல்பைற்றாக நீருக்குப் போகிறது. காபன் கட்டமைப்பு உடையாமல் எண்ணெயிலேயே தங்குவதால் எரிபொருளின் வெப்பப் பெறுமானம் பெரிதும் குறைவதில்லை.

இங்குதான் பரிசோதனைகள் பாழாகின்றன. வளர்ப்பு ஊடகத்தில் வழக்கம்போல் மக்னீசியம் சல்பேற்று சேர்த்துவிடுகிறார்கள். எளிதில் கந்தகம் கிடைத்தால், பற்றீரியா டைபென்சோதயோபீனை வெட்டும் நொதியங்களை ஆக்குவதில்லை. குடுவை கலங்கும், பற்றீரியாக் கலங்கள் பெருகும், எண்ணெயின் கந்தகம் அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாக மக்னீசியம் குளோரைட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் சாற்றையும் தவிருங்கள். அதிலும் கந்தகம் உண்டு. கிப்ஸ் சோதனைப்பொருளை இட்டதும் நீலம் தோன்றினால், விளைபொருளான ஐதரொட்சிபைபீனைல் உருவாகியிருக்கிறது. பற்றீரியா இடாத குடுவையொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் அந்த நிறத்தை நம்ப வேண்டாம்.

நீரில்லாமல் வேலை நடக்கும் என்று எண்ணுவதும் தவறு. பற்றீரியா நீரில் வாழ்கிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில்தான் கந்தகத்தை எடுக்கிறது. அதற்காக இரண்டையும் கடைந்து கலந்தபின், அந்தக் குழம்பை மறுபடி பிரிப்பது பெரும்பாடு; ஆய்வேடுகளில் பலர் இதைத் தொடுவதேயில்லை.

கடல்நீரை எண்ணெய்ப் படுகைக்குள் செலுத்துவதைத் தரமுயர்த்தல் என்று எழுதுவோரும் உண்டு. அது எண்ணெயை வெளியே தள்ளும் உத்தி. கடல்நீரின் சல்பேற்றைச் சில நுண்ணங்கிகள் ஐதரசன் சல்பைட்டாக மாற்றுவதால் எண்ணெய் மேலும் கெடலாம். அந்த வாயு உயிரையே பறிக்கும்.

சுத்திகரிப்பு ஆலைகளில் இந்த நுண்ணங்கி முறை நடைமுறையில் இருப்பதாக எழுதாதீர்கள். அங்கே கந்தகத்தை அகற்றுவது உயர் வெப்பத்திலும் அமுக்கத்திலும் ஐதரசனே. அதற்கும் எளிதில் மசியாத, மெதயில் கூட்டங்கள் ஒட்டிய டைபென்சோதயோபீன்களைப் பற்றீரியா வெட்டுமா என்பதைச் சோதித்தால் உங்கள் ஆய்வு பெறுமதி பெறும்.