முதல் ஓவர்கிளாக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தானே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவருக்குக் கை சும்மா இருக்காது. தயாரிப்பாளர் வைத்த வேகத்தைத் தாண்டிப் பிராசசரை ஓட்டிப் பார்க்கத் தோன்றும்; இதுதான் ஓவர்கிளாக். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் மல்டிபிளையர் என்று ஓர் எண் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை 48-ஆல் பெருக்கினால் 4.8 கிகாஹெர்ட்ஸ், 50-ஆல் பெருக்கினால் 5. இரண்டு எண் கூட்டினால் போதும், அவ்வளவுதானே என்று தோன்றும்.

அந்த எண்ணால் பிராசசர் கெட்டுப்போவது அபூர்வம். அளவு மீறினால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். எண்ணைக் குறைத்தால் பழையபடி எழுந்துவிடும். கெடுக்கக்கூடிய எண் அதற்கு இரண்டு வரி கீழே இருக்கிறது: வோல்டேஜ். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கிகாஹெர்ட்ஸையே பார்த்துக்கொண்டிருக்க, வோல்டேஜ் தன் பாட்டுக்கு ஏறிவிடுகிறது. நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

கணக்கு எளிதுதான். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தை 10 சதவீதம் கூட்டி, அதைத் தாங்க வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்டினால், 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்கு. 100 வாட் இழுத்தது 133 வாட் இழுக்கும். அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீத சூடு என்பது நல்ல பேரமா என்பதை அவரவர் கூலர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் மிகச் சாதாரணமான தவறு, மல்டிபிளையரைக் கூட்டிவிட்டு வோல்டேஜை 'ஆட்டோ'விலேயே விட்டுவிடுவது. மதர்போர்டு தயாரிப்பாளருக்கு உங்கள் கம்ப்யூட்டர் நின்றுபோகாமல் ஓட வேண்டும். சூடு உங்கள் பாடு. அதனால் ஆட்டோ தாராளமாகவே அள்ளிக் கொடுக்கும். ஒரே சொடுக்கில் ஓவர்கிளாக் செய்து தருகிறோம் என்னும் பொத்தான்களும் பெரும்பாலும் இப்படித்தான். வோல்டேஜை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேகத்தை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். தடுமாறும் இடம் வந்தால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை கூட்டியும் நிலைக்கவில்லையா, உங்கள் சிப்பின் எல்லை அதுதான். ஒரு படி இறங்கிவிடுங்கள்.

கூடுதல் வோல்டேஜ் சிப்பை உடனே கொல்லாது, மெல்ல அரிக்கும். இதற்குப் பெரிய சாட்சி 2024-இல் கிடைத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில காரணமில்லாமல் தடுமாறத் தொடங்கின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் கோளாறு என்று சொன்ன இன்டெல், திருத்திய மைக்ரோகோடை (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில சிப்கள் கருகின. ரேம் வேகத்துக்காகப் போர்டுகள் ஏற்றிய எஸ்ஓசி வோல்டேஜுக்கு (பிராசசருக்குள் ரேமோடு பேசும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு வைத்தது. இரண்டு திருத்தமும் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வந்தன. ஆகவே எதையும் தொடும் முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் போட்ட எண்களை அப்படியே தன் கம்ப்யூட்டரில் போடுவது அடுத்த தவறு. ஒரு தாய் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மாடல் பிராசசர் இரண்டும் அப்படித்தான். ஒன்று 1.25 வோல்ட்டில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும் வேகத்துக்கு மற்றொன்று 1.35 கேட்கும். பிறர் எண்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும், அவ்வளவே.

வாங்கும்போதே நடக்கும் தவறும் உண்டு. இன்டெலில் மல்டிபிளையர் திறந்திருப்பது பெரும்பாலும் பெயரில் 'கே' எழுத்துள்ள மாடல்களில்தான். அதற்கு இசட் வரிசை சிப்செட் போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தவை, ஆனால் ஏ வரிசை போர்டுகளில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. மல்டிபிளையர் பூட்டியிருக்கிறதே என்று 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தில் கை வைக்காதீர்கள். பல போர்டுகளில் அதோடு வேறு சில பாகங்களின் கடிகாரமும் சேர்ந்து நகரும்.

இனி குளிர்ச்சி. ஓவர்கிளாக் செய்யும் முன்பே, எதுவும் மாற்றாத நிலையில் முழுச் சுமை கொடுத்து வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற ஒரு புரோகிராம் போதும். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். காற்றால் குளிரும் கூலரோ தண்ணீர் கூலரோ, எதுவும் சிப்பை அறையை விடக் குளிராக்க முடியாது. அறை 8 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய 8 டிகிரி ஏறும். குளிரான இரவில் 85 டிகிரியில் நின்ற ஓவர்கிளாக் வெயில் மதியத்தில் 93-ஐத் தொடும்.

இந்தக் குறிப்பை எடுக்காததால் ஒரு மாலை முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன். சுமை கொடுத்த சில நொடிகளிலேயே 95 டிகிரி. வோல்டேஜைக் குறைத்தேன், வேகத்தைக் குறைத்தேன், கடைசியில் கூலரைக் கழற்றினேன். அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. 'உரித்துவிட்டுப் பொருத்தவும்' என்று அதிலேயே அச்சடித்திருந்தது. முதலிலேயே அளந்திருந்தால், ஓவர்கிளாக் செய்யாதபோதே தப்பு தெரிந்திருக்கும்.

தெர்மல் பேஸ்ட் பற்றி ஆளுக்கு ஒரு கட்சி. அந்த அளவுக்குச் சண்டை தேவையில்லை. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதுதான் அதன் வேலை. பிராசசர் சிறியது என்றால் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். அதன் உலோக மூடி பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக. கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், நஷ்டமில்லை, குறைந்தால்தான் தொல்லை. கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். திருகுகளை ஒரு மூலை, அப்புறம் அதற்கு எதிர்மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கினால் கூலர் சாய்ந்து உட்காரும்.

ஃபேன்களை மாட்டும் திசையும் பலரை ஏமாற்றும். சட்டக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியே வரும். திறந்த முகம் உள்ளே இழுக்கும். முன்பக்கம் உள்ளே, பின்பக்கமும் மேற்பக்கமும் வெளியே என்பது பெரும்பாலான கேபினட்டுகளுக்குப் பொருந்தும். எத்தனை ஃபேன் என்பதை விடக் காற்றுக்குத் தடையில்லாத வழி முக்கியம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரலளவு இடுக்கு என்றிருந்தால் ஆறு ஃபேன் போட்டாலும் மூச்சு முட்டும். சந்தேகமிருந்தால் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வெப்பநிலை சட்டென்று பல டிகிரி இறங்கினால் கூலர் நல்லதுதான், கேபினட்டில்தான் கோளாறு.

தண்ணீர் கூலரில் ஒரே ஒரு விதி. பம்ப் அந்தச் சுற்றின் உச்சியில் இருக்கக் கூடாது. குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கே பம்ப் இருந்தால் களகளவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்புக்கு மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

சரி, ஏற்றியாயிற்று, சூடும் கட்டுக்குள் இருக்கிறது. பத்து நிமிடம் சினிபெஞ்ச் என்னும் வேகச் சோதனையை ஓட்டிவிட்டு 'நிலையாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவதுதான் இப்போது நடக்கும் தவறு. ஓசிசிடி, பிரைம்95 போன்ற சுமைச் சோதனைகளைச் சில மணி நேரமாவது ஓட்டுங்கள். அப்புறம் வழக்கமாகச் செய்யும் வேலைகளையும் சில நாள் செய்து பாருங்கள். முழுச் சுமையைத் தாங்கிவிட்டு, சும்மா இருக்கும்போது வேகம் மாறும் அந்த நொடியில் விழுகிற கம்ப்யூட்டர்களும் உண்டு. விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'வீயா' (WHEA) என்று தொடங்கும் வன்பொருள் பிழைகள் வந்தால், திரையில் எதுவும் தெரியாவிட்டாலும் அந்த ஓவர்கிளாக் நிலையானதல்ல.

ரேமில் இது இன்னும் விஷமம். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று ரேமின் வேகத்தை ஏற்ற பயாஸில் இருக்கும் வசதியும் ஓவர்கிளாக்தான். பெட்டியில் அச்சிட்ட வேகம் என்பதால் அது உத்தரவாதமாகிவிடாது. ரேமில் பிழை இருந்தால் கம்ப்யூட்டர் விழாமலே ஓடலாம், கோப்புகள் மட்டும் சத்தமில்லாமல் சிதையும். இரவு படுக்கும்போது மெம்டெஸ்ட்86-ஐ ஓட விட்டுவிடுங்கள். பிராசசரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். விழுந்தால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கிராபிக்ஸ் கார்டின் மெமரியிலும் ஒரு பொறி உண்டு. சில கார்டுகள் பிழைகளைத் தாங்களே திருத்திக்கொள்வதால், வேகத்தைக் கூட்டக் கூட்டக் கேம் விழாது, ஃபிரேம் எண்ணிக்கைதான் குறையும். அங்கே கிகாஹெர்ட்ஸைப் பார்க்காமல் ஃபிரேமைப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ பிராசசரின் பஸ் வேகத்தை (அன்றைய அடிப்படைக் கடிகாரம்) 66-இலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது, ஐம்பது சதவீத லாபம். இன்றைய பிராசசர்கள் சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும் வரை தாங்களே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன; நமக்கு விட்டுவைப்பது பெரும்பாலும் சில சதவீதம். அதனால் ஓவர்கிளாக் செய்யாமல் வோல்டேஜை மட்டும் சிறிது குறைத்துப் பார்ப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். ரைசனில் எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்பதை மாற்றும் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும். சூடு குறையும், மிச்சமாகும் இடத்தில் சிப் தானாகவே மேலே ஏறும். இதையும் மேலே சொன்னபடியே சோதிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், தொடங்கும் முன் மதர்போர்டு கையேட்டில் 'கிளியர் சிமாஸ்' ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரையே வராத நேரத்தில், மின்சாரத்தைத் துண்டித்து அந்த இரண்டு ஊசிகளையும் சில நொடிகள் இணைத்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.