சல்கேட்டாக் குஞ்சுக்கு வேண்டியது பாலைவனம் இல்லை

சல்கேட்டா ஆமை சகாராவின் தெற்கு ஓரத்தில், செனகல், மாலி, சூடான் பக்கம் வாழும் பிராணி என்று எங்கேயாவது படித்தவுடன் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பெட்டியில் மணலைக் கொட்டி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, குஞ்சை உள்ளே விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் ஓட்டின் ஒவ்வொரு தகடும் தனித்தனியாக மேலே கிளம்பி, முதுகு சீத்தாப்பழம் மாதிரி ஆகிவிடுகிறது. பிரமிடிங் என்று சொல்கிறார்களே, அதுதான். ஒருமுறை வந்துவிட்டால் அந்த மேடு தணியாது, புதிதாக வளரும் ஓட்டைத்தான் சரியாகக் கொண்டுவர முடியும்.

புரதம் கூடினால்தான் பிரமிடிங் வரும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சல்கேட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓட்டை மேடாக்கியதில் வறண்ட காற்றின் பங்குதான் பெரிது, புரதத்தின் பங்கு சொற்பம். யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. காட்டில் குஞ்சுகள் வெளியே வருவது மழைக்காலத்தை ஒட்டி, அப்புறம் அவை பதுங்குவதும் ஈரமான வளைகளிலும் புல்லடியிலும்தான்.

எனவே பெட்டி மூடியதாக இருக்க வேண்டும். நாலடிக்கு இரண்டடி பழைய மீன் தொட்டி இருந்தால் போதும், மேலே மூடி போட்டு, பக்கக் கண்ணாடிகளில் கீழ்ப்பாதிக்குத் தாள் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டிக்கொண்டே நிற்கும். தரைக்கு மணல் வேண்டாம், அதைத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். நர்சரியில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் நல்லது, உரம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, நாலு விரல்கடை உயரத்துக்குப் போடுங்கள். மேலே தண்ணீர் தெளிப்பதைவிட மூலைகளில் ஊற்றுவது மேல்: அடி ஈரமாக இருக்கும், குஞ்சின் வயிறு படும் மேல்பரப்பு காய்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் 80 சதவீதத்துக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஒரு ஓரத்தில் இருட்டாக ஒளிய இடம், தாழ்வான மண் தட்டில் தண்ணீர், அவ்வளவுதான்.

சூட்டில்தான் நம் ஊர்க்காரர்கள் சறுக்குகிறார்கள். சென்னைக்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்பவர் வீட்டில் ஆமை இருப்பது ஏசி அறையில்! ஏசி காற்று குளிர்ச்சி மட்டுமல்ல, வறட்சியும்கூட. கோவை, ஓசூர் பக்கம் மார்கழி இரவு எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் பிரச்சினை இல்லை, ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடித்து நுரையீரல் வரைக்கும் போய்விடும். இரவிலும் 27 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பு, அதைப் பீங்கான் ஹோல்டரில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். சூடு கூடினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை இயக்கவே வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஆமையின் உயரத்தில், ஹீட்டருக்கு நேர்க்கீழே வராமல் இருக்கட்டும்.

பகலில் ஒரு முனையில் மட்டும் 35 முதல் 38 டிகிரி வரும்படி குண்டு பல்பு ஒன்று, 12 மணி நேரம். எல்இடி பல்பில் இந்தச் சூடு வராது. ஒரே புள்ளியில் குவிந்து அடிக்கும் பல்பு ஓட்டை உலர்த்திவிடும், பரவலாக அடிப்பதுதான் நல்லது. சிவப்பு விளக்கு, சூடாகும் கல், அடியில் விரிக்கும் ஹீட்டிங் பேட் மூன்றும் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். சூட்டிலிருந்து தப்பிக்க ஆமை மண்ணுக்குள்தான் போகும், அங்கேயே சூடு இருந்தால் அது எங்கே போகும்?

ஓடு கெட்டிப்பட வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். அது கண்ணாடி வழியே வராது, ஆகவே ஜன்னலோர வெயில் கணக்கில் சேராது. மொட்டை மாடியில் காலை வெயில் கொஞ்ச நேரம் கிடைத்தாலே நல்லது, ஆனால் பாதி நிழலோடு, மேலே கம்பிவலையோடு. காக்கையும் பூனையும் எலியும் இந்த அளவுக் குஞ்சை விட்டுவைக்காது. மீன் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளேயே வெந்துபோகும். வெயிலுக்கு வழியே இல்லையென்றால் யுவிபி ட்யூப் வாங்கியே ஆக வேண்டும்.

தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் 20, 30 நிமிடம் ஊற வையுங்கள். மேலோடும் கீழோடும் சேரும் கோடு வரை தண்ணீர் நின்றால் போதும், ஆறினால் மாற்றுங்கள். அதிலேயே மலம் கழிக்கும், கூடவே வெள்ளையாக ஒன்று வரும். அது குழைவாக இருந்தால் உடம்பில் நீர் போதிய அளவு இருக்கிறது, மணல் மணலாக வந்தால் போதவில்லை. அந்தப் பாத்திரத்தைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஆமைகளிடம் சகஜம்.

தீனிக்குச் செலவே இல்லை. பொடியாக நறுக்கிய அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. பாலக்கீரையை அடிக்கடி போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. சோறு, பிரெட், நாய்த்தீனி, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டைப் பெட்டியில் போட்டுவையுங்கள், தேவைப்பட்டால் தானே கடித்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் அல்ல, அதற்கென்று வைத்த தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையோடு ஓட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: தகடுகளுக்கு நடுவே வெளிர்கோடு தெரியும், அதுதான் புது வளர்ச்சி. அந்தக் கோடு பக்கத்துத் தகட்டோடு மட்டமாக இருந்தால் சரி, பள்ளமாக இறங்கியிருந்தால் ஈரப்பதம் போதவில்லை. மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, நாட்கள் போகப் போக ஓடு மெத்தென்று ஆவது, இதெல்லாம் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டு வாங்காதீர்கள், ஒன்று மற்றதை மிரட்டியே ஒடுக்கிவிடும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. நட்சத்திர ஆமைக் குஞ்சைக் காட்டினால் தொடவே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். சல்கேட்டா வெளிநாட்டு இனம்தான், ஆனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், உள்ளங்கையில் அடங்கும் இது வளர்ந்தால் 50 கிலோவைத் தொடலாம், தோட்டத்தில் வளை தோண்டும், சுவரோரத்தைக்கூட விடாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்று பெரியவர்கள் இழுத்தால், அஸ்திவாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் முதல் இரண்டு வருடம் எப்படியோ சமாளிக்கலாம், அதற்குமேல் மண் தரை இல்லாமல் நடக்காது.