மருத்துவமனைக் காப்பீட்டை ஒப்பிட்டுத் தேர்ந்த விதம்

ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க முனைந்தபோது, கோல்டு, சில்வர், பிரோன்ஸ், பேசிக் என்ற நான்கு தரங்களின் மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து எங்களால் முடிவெடுக்க இயலவில்லை. ஆகவே, எங்களுக்குத் தேவையான மகப்பேற்றிலிருந்து தொடங்கினேன். அதற்கான காப்பு கோல்டு தரத்தில்தான் கட்டாயமாக இடம்பெறும், அதற்கும் 12 மாதக் காத்திருப்பு உண்டு. அடுத்து, மருத்துவமனையில் சேரும்போது நம் பங்காக நாமே செலுத்தும் தொகையைப் (excess) பார்த்தேன்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மருத்துவர் கட்டணமே. தனியார் நோயாளியாகச் சேர்ந்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 75 சதவீதத்தை அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரும் மீதி 25 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனமும் தருகின்றன. மருத்துவர் அதற்கு மேல் கேட்டால், நிறுவனத்துடன் அவருக்கு உடன்பாடு இல்லாதவரை, அந்தத் தொகை நம் பொறுப்பு. எனவே மகப்பேறு மருத்துவரிடமே எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அவர் ஏற்கும் திட்டங்களை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தோம்.