ஒரே கேள்விக்கு இரண்டு பதில்: குழு ஆவணங்களில் முரண்களைப் பிடிப்பது

ஒரு இரவு டேட்டாபேஸை மீட்க உட்கார்ந்தேன். பேக்கப் 30 நாள் இருக்கும் என்றது எங்கள் குழு ஆவணத்தில் ஒரு பக்கம், 7 நாள் என்றது இன்னொன்று. 7 தான் சரி. எங்களுக்குத் தேவைப்பட்டதோ பன்னிரண்டு நாள் பழைய பிரதி. அன்றிலிருந்து மாதம் ஒரு மதியம் இப்படிப்பட்ட முரண்களைத் தேடும் வேலைக்குத்தான்.

பக்கங்களை வரிசையாகப் படிக்காதீர்கள், கண் பழகிவிடும். எண்களையும் பெயர்களையும் தேடுங்கள். "நாள்", "நிமிடம்", போர்ட் எண், சர்வர் பெயர் என ஒவ்வொன்றாகத் தேடி, வந்த வரிகளை ஒரே தாளில் அடுத்தடுத்து ஒட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் போர்ட் ஓரிடத்தில் 5432, வேறிடத்தில் 5433 என்றிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆவணங்கள் கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) இருந்தால் அதன் தேடல் கட்டளையான 'கிட் கிரெப்' போதும். நிறுத்திவிட்ட கருவிகள், குழுவை விட்டுப் போனவர்களின் பெயர்களையும் தேடுங்கள். பழைய பக்கங்கள் அப்படித்தான் அதிகம் சிக்கும்.

"கடைசியாகத் திருத்திய தேதி"யை நம்ப வேண்டாம். எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது மாறும். அந்தக் குறிப்பிட்ட வரி கடைசியாக எப்போது மாறியது என்று 'கிட் பிளேம்' கட்டளை காட்டும்.

எது சரி என்பதை மூன்றாவது ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் கான்ஃபிகரேஷனை (அமைப்பு விவரங்களை) திறந்து பாருங்கள்.

அப்புறம், சரியான எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். மற்றவற்றில் இணைப்பு போதும். பழைய பக்கத்தின் தலையிலேயே "காலாவதி" என்று தேதியோடு எழுதி, புதியதற்கு வழி காட்டுங்கள்.