ஊரில் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள்

கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிற பெண்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போகிற டிக்கெட் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயரில்தான் கிளம்பிப் போக வேண்டும். நடுவில் தாலி ஏறியது விமானக் கம்பெனிக்குத் தெரிய வேண்டியதே இல்லை, பாஸ்போர்ட்டில் இருப்பதும் டிக்கெட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் போதும். கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் மாற்றினேன்.

எனக்கு வேலை சிங்கப்பூரில், பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். பெயர் காந்திமதி, சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர், சுப்பையா. நம்மூரில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிற அப்பா, பாஸ்போர்ட் எடுக்கும்போது முழுப் பெயராக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். போக வர டிக்கெட் அந்தப் பெயரில்தான் போட்டிருந்தேன், ஐந்து வார லீவு. பாளையங்கோட்டையில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவீட்டில் சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் மாமனார் கேட்டார்: "பாஸ்போர்ட்ல பேர எப்பம்மா மாத்தப் போற? இங்க இருக்கும்போதே முடிச்சிட்டுப் போயிரு. அங்க போனா நடக்காதுல்லா."

அதட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார். அவர் மகனுக்கு விசா வர இன்னும் மாதங்கள் ஆகும், நானோ நாலு வாரத்தில் பறந்துவிடுவேன். ஆச்சி இறந்தபோது நான் வரவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததை வீடியோவில்தான் பார்த்தேன். எதற்கும் பக்கத்தில் இல்லாதவள், கேட்ட இந்த ஒன்றையாவது செய்துகொடுத்துவிட்டுப் போவோமே என்று தலையாட்டிவிட்டேன். மனசு அந்த நிலையில் இருக்கும்போது தயவுசெய்து எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்வது வேறு, பெயரை மாற்றுவது வேறு. பதிவைக் கட்டாயம் செய்துவிடுங்கள். 2009-ம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கிற எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் கூடுதல் கட்டணம். நாங்கள் பதிந்தபோது இரண்டு பேரும் நேரில் போக வேண்டியிருந்தது, அப்படியென்றால் நீங்கள் கிளம்பிவிட்டால் அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப்போய்விடும். கணவனுக்கோ மனைவிக்கோ விசா எடுக்க அந்தச் சான்றிதழ்தான் முதலில் வேண்டும்.

எங்களுக்குப் பதிவு ஆபீஸில் மூன்று நடை. முதல் நாள், பத்திரிகையில் காந்திமதி என்று மட்டும் இருக்கிறது, சுப்பையா எங்கே என்றார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயருக்குப் பின்னால் யார் அப்பா பெயரை ஒட்டி அடிக்கிறார்கள்? இரண்டாம் நாள், மண்டப ரசீது பெரியப்பா பெயரில் இருந்தது பிரச்சினை. பணத்தைக் கட்டி வைத்தது அவர், ரசீதில் அவர் பெயர்தானே இருக்கும்! அவரை வேட்டியோடு அப்படியே பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினோம். மூன்றாம் நாள் சர்வர் படுத்துவிட்டது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நாலு மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா, பத்திரத்தில் கைநாட்டு வைத்த விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எரிச்சலில் இருந்தேன், அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆகவே, பத்திரிகையில் ஆங்கிலப் பக்கம் அடித்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் அடியுங்கள், மண்டபத்தை மாப்பிள்ளை பெயரிலோ பெண்ணின் அப்பா பெயரிலோ எடுங்கள்.

சான்றிதழ் வந்த சூட்டோடு பாஸ்போர்ட். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது, மதுரைக்கு அலைய வேண்டாம். 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. அங்கே எல்லாம் மளமளவென்று நடந்தது. பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து மூலையைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வெட்டு என்ன செய்யும் என்று எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. வெட்டிய பாஸ்போர்ட்டில் பயணம் செய்ய முடியாது. அதில் காலாவதியாகாத விசா இருந்தால் புதியதோடு சேர்த்துக் காட்டலாம், அவ்வளவுதான். புதிய பாஸ்போர்ட்டிலோ சர்நேம் கணவர் பெயர். டிக்கெட்டில் சுப்பையா.

டிக்கெட்டில் ஒன்றிரண்டு எழுத்துப் பிழை என்றால் பெரும்பாலும் திருத்திக் கொடுப்பார்கள். முழு சர்நேமும் மாறினால், சில கம்பெனிகள் கல்யாணச் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் செய்து தருவார்கள், சிலர் ஒரே பேச்சில் முடியாது என்பார்கள். என் டிக்கெட்டில் மூன்று சிக்கல்கள் சேர்ந்திருந்தன: ஏஜெண்ட் மூலம் எடுத்தது, இரண்டு கம்பெனி விமானங்கள் ஒரே டிக்கெட்டில், அதிலும் பாதியை வரும்போதே பயன்படுத்தியாகிவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் ஏஜெண்டிடம் போ என்கிறார்கள், ஏஜெண்ட் கம்பெனி அனுமதித்தால்தான் என்கிறார், முதல் கம்பெனி சரி என்றபோது இரண்டாவது கம்பெனி சான்றிதழை ஏற்கவில்லை. நாலு ராத்திரி, மாமனார் வீட்டுத் திண்ணையில், அந்தக் காத்திருப்புப் பாட்டைக் கேட்டுக்கொண்டு. மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கொசுவை விசிறிக்கொண்டு, ஒன்றும் பேசாமல். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, அவர் முகத்தைப் பார்த்தால் அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வழி டிக்கெட் புதிதாக எடுத்தேன், 31,000 ரூபாய். சிங்கப்பூர் ஆபீஸுக்கு எழுதி, அங்கே வேலை செய்வதற்கான அனுமதியான வேலை பாஸில் புதுப் பாஸ்போர்ட் விவரத்தை ஏற்றச் சொல்ல வேண்டியிருந்தது தனி.

பெயரை மாற்றத்தான் வேண்டும் என்றால் திரும்பிப் போய், நிதானமாக, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் மாற்றுங்கள். கல்யாணத்துக்கு முன்பே தேனிலவு டிக்கெட் எடுக்கிறவர்களும் அன்றைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எடுங்கள். டிக்கெட்டில் ஏஜெண்டின் போன் நம்பருக்குப் பதில் உங்கள் நம்பர் இருக்கட்டும்.

புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அம்மா வீட்டில் இருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது. நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். அவர் பாட்டுக்குப் பக்கங்களைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார், அங்கே தகப்பனார் பெயர் என்ற இடத்தில் சுப்பையா என்று இருக்கிறது. "இந்தா, இதுல இருக்கேம்லா" என்றார்.

திருவனந்தபுரத்துக்குக் காரில் போகும்போது அப்பா பழையதையும் புதியதையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நாகர்கோவிலில் டீ குடிக்க இறங்கியபோதும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விமான நிலைய வாசலில்தான் என் கையில் கொடுத்தார்.