பழைய மான்ஸ்டர் டிரக் கிட்: எதை வாங்குவது, எப்படிக் கட்டத் தொடங்குவது

1981-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் ஃபோர்டு பிக்கப் வண்டியை வயலில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய கார்கள் மீது ஏற்றி நசுக்கினார். பிரம்மாண்டச் சக்கரங்கள் பூட்டிய பிக்ஃபுட் என்ற அந்த மான்ஸ்டர் டிரக்கைப் பார்க்கச் சில ஆண்டுகளிலேயே ஸ்டேடியங்கள் நிரம்பின. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மாடல் வண்டிகள் செய்துவந்த தமியா நிறுவனம் இந்த மோகத்தைச் சரியான நேரத்தில் பிடித்துக்கொண்டது. 1986-ல் பிளாக்ஃபுட்டும் மான்ஸ்டர் பீட்டிலும் வந்தன. அடுத்த ஆண்டே லஞ்ச் பாக்ஸ், மிட்நைட் பம்ப்கின், கிளாட் பஸ்டர் ஆகியவை வந்தன. எல்லாமே ரிமோட்டில் ஓடும் சிறிய மாடல்கள், எல்லாமே பாகங்களாக வரும் கிட்டை வைத்து நாமே உட்கார்ந்து கட்ட வேண்டியவை.

அன்று கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் இன்று சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள். இந்த வண்டிகளையும் தமியா திரும்பக் கொண்டுவந்துவிட்டது. லஞ்ச் பாக்ஸ் 2005-லும், மான்ஸ்டர் பீட்டில் 2015-லும், பிளாக்ஃபுட் 2016-லும் மறுபதிப்பாக வந்தன. கிளாட் பஸ்டர் இப்போது சூப்பர் கிளாட் பஸ்டர் என்ற பெயரில் கிடைக்கிறது. இதுவரை ஒரு கிட்டைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் இவற்றில் ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கிட் என்றால் லஞ்ச் பாக்ஸ். வேறொன்றின் மீது சிறு வயது முதல் தீராத ஆசை இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். ஏன் என்பதற்குக் கீழே உள்ள இரண்டாம் படியே பதில்.

படி 1: அசலா, மறுபதிப்பா?

ஏல இணையதளங்களில் 1980களின் அசல் கிட்டுகளும் ஓடித் தேய்ந்த பழைய வண்டிகளும் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிரிக்காத அசல் பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை வேறு உலகத்து விலை. அதை வாங்கியவருக்குப் பிரிக்கவும் மனம் வராது. ஓடிய வண்டி என்றால் நாற்பதாண்டுப் பிளாஸ்டிக் திருகு இறக்கும் இடத்திலேயே விரிசல் விடும்.

மறுபதிப்பில் அதே உருவம், பெரும்பாலும் அதே அச்சில் வார்த்த பாகங்கள், கூடவே சில நல்ல திருத்தங்கள். உதிரிபாகமும் கிடைக்கும். கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாங்கப்போகும் கடையில் அதே வண்டிக்கு முன் பம்பர், கியர் தொகுதி, சக்கரம் ஆகிய மூன்றும் தனியாக விற்பனைக்கு இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஓட்டினால் உடையத்தான் செய்யும்.

"ரெடி டு ரன்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது தொழிற்சாலையிலேயே கட்டி முடித்த வண்டி. ஓட்டுவதற்கு அது நல்லதாக இருக்கலாம், ஆனால் நாம் தேடுவது அதையல்ல.

படி 2: உடலுக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள்

கடையில் ஐந்து வெவ்வேறு வண்டிகளாகத் தெரிபவை உண்மையில் மூன்று சேசிஸ்கள்தான், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டங்கள். ஆசை வருவது மேலே உள்ள உடலைப் பார்த்து. கட்டும் அனுபவத்தையும் ஓட்டும் அனுபவத்தையும் தீர்மானிப்பது சேசிஸ்.

லஞ்ச் பாக்ஸும் மிட்நைட் பம்ப்கினும் ஒரே சேசிஸ். முன்னது மஞ்சள் நிற வேன், பின்னது 1950களின் பிக்கப் தோற்றம். பின்சக்கரங்கள் மட்டும் ஓடும். கியர் பாக்ஸும் மோட்டாரும் பின் அச்சும் ஒரே கட்டியாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். தமியாவின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. பாகங்கள் குறைவு, விளக்கப் புத்தகம் தெளிவு, நடுவில் சிக்கிக்கொள்ளும் இடம் ஏறக்குறைய இல்லை. ஓட்டினால் என்ன ஆகும்? முழு வேகம் கொடுத்ததும் முன்சக்கரங்கள் எழும்பி வண்டி பின்னங்காலில் நிற்கும். உயரம் அதிகம், நீளம் குறைவு என்பதால் வேகமாக வளைத்தால் குப்புற விழும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். அதனால் மேடுபள்ளத்தில் பந்துபோலத் துள்ளிக்கொண்டே போகும். இவையெல்லாம் குறைகள் என்று பொறியாளர் சொல்வார். லஞ்ச் பாக்ஸை நாற்பது ஆண்டுகளாக மக்கள் விரும்புவதற்குக் காரணமே இவைதான் என்பது என் கருத்து. நேராகவும் நிதானமாகவும் ஓடும் வண்டி வேண்டுமென்றால் இன்றைய வண்டிகளில் எத்தனையோ இருக்கின்றன.

பிளாக்ஃபுட்டும் மான்ஸ்டர் பீட்டிலும் இன்னொரு சேசிஸ். 1983-ல் வந்த ஃப்ராக், சுபாரு பிராட் வண்டிகளின் அதே அடித்தளத்தில் பெரிய சக்கரங்களைப் பூட்டியது. இதுவும் பின்சக்கர ஓட்டம்தான். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு என்பதால் தரையை நன்றாகப் பற்றும், கட்டுவதும் கொஞ்சம் கூடுதல் வேலை. அசல் வண்டிகளில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் முனை அறுகோணமாக இருந்தது. பெரிய சக்கரத்தின் இழுவைக்கு அது தேய்ந்து வழுக்கும். மறுபதிப்பில் அதற்குப் பதில் டாக்போன் எனப்படும் எலும்பு வடிவத் தண்டு வந்துவிட்டது. அசலைவிட மறுபதிப்பை நம்பி வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு இது நல்ல சான்று. தோற்றத்தில் எனக்கு மான்ஸ்டர் பீட்டிலுக்கு இணையாக எதுவும் இல்லை. இரண்டாவது கிட்டாக வாங்க ஏற்றது.

கிளாட் பஸ்டர் தனி ரகம். முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார். நான்கு சக்கரங்களும் ஓடும், நான்கும் திரும்பும். பிக்ஃபுட்டிலும் நான்கு சக்கரங்களும் திரும்பின. இந்த ஐந்தில் அந்த உணர்வை அப்படியே தரும் கிட் இது ஒன்றுதான். விலை அதிகம். இரண்டு மோட்டார்களின் மின்சாரத்தைத் தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். சேசிஸின் நடுவில் உள்ள ஒரே சர்வோ (சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் கருவி) நீண்ட கம்பிகள் வழியாக இரண்டு அச்சுகளையும் திருப்புவதால் ஸ்டீயரிங் மந்தமாக இருக்கும். கட்டியவர்கள் பெரும்பாலும் பிறகு சர்வோவை அச்சின் மீதே மாற்றிப் பொருத்துகிறார்கள். சக்கரங்களின் பிரம்மாண்டம் கண்ணைப் பறிக்கும், ஆனாலும் முதல் கிட்டாக வேண்டாம்.

படி 3: பெட்டிக்குள் இல்லாதவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்

கிட்டின் விலை முழுச் செலவல்ல. பெட்டியில் சேசிஸ், உடல், சக்கரம், 540 வகை மோட்டார் இருக்கும். பல கிட்டுகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வரும், சிலவற்றில் வராது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வாங்கும் முன் படியுங்கள். தனியாக வாங்க வேண்டியவை: டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும், ஸ்டீயரிங்குக்கு ஒரு சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயிண்ட்.

பேட்டரிக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி எடை குறைவு, வேகம் கூடுதல், உண்மைதான். ஆனால் அளவுக்கு மேல் வடியவிட்டால் அது கெட்டுவிடும், தவறாகச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். தமியா கிட்டுகளோடு பல ஆண்டுகளாக வந்த டிபிஎல்இ-02எஸ் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லிப்போ அளவுக்கு மேல் வடிவதைத் தடுக்கும் வசதி கிடையாது. வெளிநாட்டிலிருந்து கிட்டை வரவழைப்பவர்கள் பேட்டரியை மட்டும் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் அதிகம்.

ஒரே ஒரு கூடுதல் செலவை வற்புறுத்திச் சொல்வேன்: பால் பேரிங். லஞ்ச் பாக்ஸில் அச்சு சுழலும் இடங்களில் பெரும்பாலும் புஷ் எனப்படும் பிளாஸ்டிக் வளையம்தான் வரும். தூசி புகுந்தால் அது தேய்ந்து சக்கரம் தள்ளாடும். 1150 என்று மாடல் கடைகளில் கேட்டால் கிடைக்கும் பேரிங், அதாவது உள்விட்டம் 5 மி.மீ., வெளிவிட்டம் 11 மி.மீ., தடிமன் 4 மி.மீ. உள்ளதுதான் இவ்வகை வண்டிகளில் அதிகம் புழங்குகிறது. எத்தனை வேண்டும் என்பதை விளக்கப் புத்தகத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கட்டும்போதே போட்டுவிட வேண்டும். பிறகு போடுவதென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

படி 4: கருவிகள்

நல்ல நிப்பர், மாடல் கத்தி, மெல்லிய உப்புத்தாள், இவற்றோடு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனையுள்ள ஸ்குரூ டிரைவர். ஜப்பானியத் திருகுகளின் தலையில் உள்ள கூட்டல் குறி, நம் வீட்டு ஸ்குரூ டிரைவருக்கு ஏற்ற கூட்டல் குறியிலிருந்து சற்றே மாறுபட்டது. சாதாரண முனையை அழுத்தித் திருப்பினால் அது மெல்ல மேலேறி வெளியே வழுக்கும், திருகின் தலை உருண்டையாகிவிடும். தலை போன திருகைப் பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து எடுப்பது பெரும்பாடு.

படி 5: முதலில் உடல்

விளக்கப் புத்தகத்தில் உடல் கடைசியில் வரும். நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள். பெயிண்ட் காயும் நேரத்தில் சேசிஸைக் கட்டிவிடலாம்.

நாம் பேசும் வண்டிகளின் உடல் கெட்டிப் பிளாஸ்டிக். இதற்கு வெளிப்புறத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும், தமியாவில் அது டிஎஸ் வரிசை ஸ்ப்ரே. பந்தய வண்டிகளின் கண்ணாடிபோன்ற பாலிகார்பனேட் உடலுக்கு உட்புறத்தில் அடிக்கும் பிஎஸ் வரிசை வேறு. அதை இதன் மேல் அடித்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். கேனின் மேல் உள்ள அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பால் உடலைக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் பெயிண்ட் ஒட்டாது. பிறகு பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய பூச்சுகள். முதல் பூச்சில் அடிநிறம் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், தெரியத்தான் வேண்டும். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழியும். மழை நாளில் அடித்தால் பளபளப்பு மங்கி வெளுக்கும், வெயில் வரும்வரை காத்திருங்கள். லஞ்ச் பாக்ஸின் உடல் மஞ்சள் பிளாஸ்டிக்கிலேயே வார்த்து வருவதால், பெயிண்ட் அடிக்காமல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினாலும் வண்டி அழகாகவே இருக்கும்.

படி 6: கியர் பாக்ஸ்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் உண்டு, ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் பிரியுங்கள். பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டும்போது இரண்டு வெட்டு தேவை. முதலில் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, பிறகு மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள். ஒரே வெட்டாக ஒட்ட வெட்டினால் அந்த இடம் வெளுத்துக் குழியும்.

பற்களில் கிட்டோடு வரும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். மோட்டாரின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். சிறு பல்சக்கரத்தின் பூட்டுத் திருகு சரியாக அந்தத் தட்டைப் பக்கத்தில் அமர வேண்டும். வளைந்த பக்கத்தில் இறுக்கினால் சிறிது ஓட்டத்திலேயே தளர்ந்து, மோட்டார் சுற்றும், வண்டி நகராது.

மோட்டாரைப் பூட்டும் முன் கியரை விரலால் சுற்றிப் பாருங்கள். சீரான எதிர்ப்பு இருந்தால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகப் பிடித்தால் ஏதோ ஒரு பல்லில் வெட்டிய பிசிறு இருக்கிறது. திறந்து சீவிவிட்டு மூடுங்கள்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகின் மரையை ஒருமுறை சோப்புக்கட்டியில் தேய்த்தால் இலகுவாக இறங்கும். தலை அமர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கழற்றி மீண்டும் போடும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய மரையில் விழும்போது விரலுக்குச் சின்னத் தட்டல் தெரியும், அதன் பிறகு இறுக்குங்கள். திருகுப் பசையை இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் மட்டும் இடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

படி 7: சர்வோ

சர்வோவைப் பொருத்தும் முன் ரிசீவரோடு இணைத்து மின்சாரம் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் ஸ்டீயரிங்கின் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம் நடுவில் இருக்கட்டும். சர்வோ தானாக நடுநிலைக்கு வந்து நிற்கும். அதன் தண்டைத் திருப்பாமல், தண்டின் மேல் வரும் சிறு கைப்பாகத்தை (ஹார்ன்) அப்படியே நேராகப் பொருத்துங்கள். இதைத் தவிர்த்தால் வண்டி ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்பும். ரிசீவரின் ஆன்டெனா வயர் சக்கரத்தில் சிக்காமல் மேலே வரட்டும்.

படி 8: முதல் ஓட்டம்

டிரான்ஸ்மிட்டரை முதலில், வண்டியைப் பிறகு ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது வண்டிதான் முதலில். சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கிவைத்து, முன்னால் போகும் கட்டளைக்கு முன்னால் சுற்றுகிறதா என்று பாருங்கள். பின்னால் சுற்றினால் டிரான்ஸ்மிட்டரில் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் பேட்டரியை அரை வேகத்தில் புல்தரையிலோ மண்தரையிலோ ஓட்டுங்கள். தண்ணீர் வேண்டாம். அது தீர்ந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் கியர் எங்கோ இறுக்கமாக இருக்கிறது. ஆறவிட்டுத்தான் அடுத்த பேட்டரி. சக்கர நட்டுகளையும் பல்சக்கரத்தின் பூட்டுத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் தளர்வது இவைதான்.

லஞ்ச் பாக்ஸ் சொந்தக்காரர்கள் பின் அச்சின் முறுக்கத்தைக் கட்டுப்படுத்த ஐந்தாவதாக ஒரு ஷாக்கைச் சேர்ப்பது பழைய வழக்கம், எண்ணெய் ஷாக்குகளும் தனியாகக் கிடைக்கும். சில வாரங்கள் கிட்டில் வந்தபடியே ஓட்டிவிட்டு, துள்ளல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மட்டும் அவற்றை வாங்குங்கள்.